முடிவு தெரிந்த கதை



குறிப்பு எழுதிக்கொண்டு பிரசங்க மேடை ஏறுவதா, ஆவியானவர் தருவதைப் பேசுவதா என்று இறையியல் படித்தவர்களுக்குள் ஒரு வழக்கு ஓய்வதே இல்லை. நாவல் எழுதுகிறவர்களிடமும் அதே வழக்குத்தான். திட்டம் போட்டு எழுதுகிறவன் எழுத்தாளன் இல்லை, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு.

இந்த வழக்கைக் கண்டியிலிருந்தே பார்ப்போம். இந்நகரில் 1838இல் பிறந்த மு. கா. சித்திலெவ்வை வழக்கறிஞர், 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியவர். 1885இல் அவர் வெளியிட்ட ‘அசன்பேயுடைய கதை’யைத்தான் இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்கிறோம். எகிப்தில் களவுபோன குழந்தை பம்பாயில் வளர்ந்து, எத்தனையோ ஊர் சுற்றிக் கடைசியில் பெற்றோரைச் சேர்கிறது. இந்த மாதிரிக் கதையை மனம் போன போக்கில் எழுதிப் பாருங்கள், நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். பிள்ளை யாருடையது என்பது முதல் பக்கத்திலேயே எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வக்கீல் மூளைக்கு அது சிரமமாக இருந்திராது.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. அச்சுக்கூடம் காத்திருக்கையில் அருள் இறங்கட்டும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. ஆனாலும் அவர் துணிந்து எழுதினார். ஆதித்த கரிகாலன் கொல்லப்படுவான், உத்தம சோழன் முதலில் அரியணை ஏறுவான், அருண்மொழிவர்மன் பிறகுதான் என்பதைச் சரித்திரம் முன்பே முடித்து வைத்திருந்தது. வந்தியத்தேவன் இந்த வாரம் எந்த மதிலைத் தாண்டுவான் என்பதுதான் கல்கியின் பாடு. (அப்படியும் முடிவு திடீரென்று வந்துவிட்டது என வாசகர்கள் குறைபட, தனியாக ஒரு முடிவுரை எழுத வேண்டியதாயிற்று.) மகாபாரதத்தைத் திரும்பச் சொல்லும் ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 2014இல் தொடங்கி, நாளுக்கொரு அத்தியாயமாக வளர்ந்து, 2020இல் 26 நாவல்களாக நிறைந்தது. குருக்ஷேத்திரத்தில் யார் சாவார் என்பதை வியாசர் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

நினைத்த மாத்திரத்தில் கொட்டினார்கள் என்று நாம் வியக்கிறவர்கள் பெரும்பாலும் வேறு யாரோ போட்டுவைத்த தண்டவாளத்தில் ஓடியவர்கள். சித்திலெவ்வைக்கு அது கிடைக்கவில்லை, தானே போட்டுக்கொண்டார். இறையியல் படித்துப் பட்டம் பெற்ற உங்களுக்கும் வேதவசனம் முன்பே தரப்பட்டிருக்கிறது. பிரசங்கம்தான் உங்களுடையது.

உங்களில் சிலர் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். நாவல் எழுத ஆசைப்பட்டால் உங்களுக்கும் முடிவு தெரிந்த கதை ஒன்று இருக்கிறது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இந்தியா போக நானுஓயாவிலும் ஹட்டனிலும் ஏறியவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோன கோச்சி நாம் கூடியிருக்கும் இந்தப் பிலிமத்தலாவை ஸ்டேசனைத் தாண்டித்தான் கடுகண்ணாவையில் இறங்கியது. ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள் நம் சனங்கள்.

திகதிகளும் தொகைகளும் கையில் இருக்கின்றன. அவற்றைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே லயக் காம்பிராவில் அண்ணன் இந்தியாவுக்கு மனுப்போட, தம்பி இங்கேயே இருக்க மனுப்போட்டது ஏன், அம்மா யாரோடு போனாள் என்பது எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. அந்தப் பதிலை மட்டும் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு எழுத உட்காராதீர்கள்.