பால் ஒத்துக்கொள்ளவில்லையா?

பால் குடித்தால் வயிறு உப்புகிறது, பேதியாகிறது என்று ஒருவர் சொன்னால், சாக்குச் சொல்கிறார் என்று நினைக்கிறோம். அது சாக்கல்ல.

பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை உண்டு. சிறுகுடலில் சுரக்கும் லாக்டேஸ் என்னும் என்சைம் அதை உடைத்தால்தான் உடல் ஏற்கும். குழந்தைப் பருவம் கடந்ததும் பலருக்கு இந்தச் சுரப்பு குறைகிறது. உடையாத சர்க்கரை பெருங்குடலில் புளித்து வாயுவை உண்டாக்குகிறது. நீரையும் இழுப்பதால் பேதியாகிறது. உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு லாக்டோஸ் சரியாகச் செரிப்பதில்லை. பெரும்பாலும் இது பரம்பரை இயல்பு. கடும் வயிற்றுப்போக்கிற்குப் பின் சிலருக்குத் தற்காலிகமாகவும் வரலாம்.

பாலை அடியோடு நிறுத்திவிட்டுச் சுண்ணாம்புச் சத்தை மறப்பதுதான் ஆபத்து. எலும்பு தேயும் வயதில் இருக்கும் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிறிதளவு பாலை உணவோடு அருந்திப் பாருங்கள், பலருக்கு ஒத்துக்கொள்ளும். தயிரில் லாக்டோஸ் குறைவு. முள்ளோடு உண்ணும் நெத்திலி, கேழ்வரகு ஆகியவற்றிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு. டின் பால் ஊற்றிய தே தாரிக்கிலும் லாக்டோஸ் இருப்பதை மறவாதீர்கள்.

பால் குடித்ததும் குழந்தைக்குத் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தால், அது பால் ஒவ்வாமையாக இருக்கலாம். அது வேறு, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.