பன்னிரண்டு நிமிடம்

பெங்களூரிலிருந்து மைசூருக்கு வரும் பத்து வழி நெடுஞ்சாலை 2023 மார்ச்சு 12ஆம் நாள் திறந்து வைக்கப்பெற்றது. முன்னர் மூன்று மணி நேரம் பிடித்த பயணம் ஒன்றரை மணியாகக் குறைந்தது. மகிழ்ச்சிதான். ஆனால், நேயர்களே, சாலை அகன்றதும் நமது நிதானம் சுருங்கிவிட்டது. விபத்துகள் பெருகவே, அவ்வாண்டு ஆகஸ்டு 1 முதல் இருசக்கர வண்டிகளும் ஆட்டோக்களும் டிராக்டர்களும் நடுச்சாலையிலிருந்து விலக்கப்பெற்றன. மெல்லச் செல்வோர் விலகினர், வேகம் விலகிற்றா?

வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர். அவ்வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் ஓடுகிறோம். ஆபத்தைக் கண்ட கண் காலுக்குச் சொல்லி, கால் பிரேக்கை அழுத்துமுன்பே அத்துணைத் தூரம் கடந்துவிடும். வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். கைதேர்ந்த ஓட்டுநருக்கும் இக்கணக்கில் சலுகையில்லை.

118 கிலோமீட்டரை 100இல் கடக்க 71 நிமிடம். 120இல் கடக்க 59. ஆதாயம் 12 நிமிடம். அது முழுவதும் நமக்கே. அபாயத்தில் மட்டும் பின்னிருக்கையில் உறங்கும் குழந்தைக்கும், மண்டியாவருகே வண்டியை ஓரங்கட்டிச் சக்கரம் மாற்றுபவருக்கும் பங்கு வைக்கிறோம். அவர்களுடைய சம்மதத்தை நாம் கேட்டதில்லை. மிச்சம் பிடித்த நிமிடங்களையோ, மைசூர் எல்லையில் வெளிவட்டச் சாலைச் சந்திப்பின் சிவப்பு விளக்கெதிரே நின்று செலவிடுகிறோம்.