இரண்டு மட்டைகளின் கோபாலன்



அலுவல் நிமித்தம் நான் மும்பைக்கு வந்த புதிதில், ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், மாதுங்காவில் ஒரு காப்பிக் கடையில் ஞாயிறுதோறும் முதியவர் இருவரைக் காண்பதுண்டு. ஒருவர் திருவல்லிக்கேணிக்காரர், மற்றவருக்குச் செங்கற்பட்டுப் பக்கம். இருவரும் இளமையில் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் கண்டு வளர்ந்தவர்கள். இந்நகரில் கிரிக்கெட் என்று வாயெடுத்தால் மெர்ச்சண்ட், கவாஸ்கர், டெண்டுல்கர் என்றுதான் பேச்சு ஓடும். இவ்விருவரோ எம். ஜே. கோபாலனைப் பற்றியே பேசினர். பேசினர் என்பதைவிட வழக்காடினர் என்பதே பொருந்தும்.

கோபாலன் 1909ஆம் ஆண்டு செங்கற்பட்டு ஜில்லாவிலுள்ள மொறப்பாக்கத்தில் பிறந்தவர். சென்னைக் கிரிக்கெட்டின் முன்னோடிகளுள் ஒருவரான ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் அவருடைய திறமையைக் கண்டு, பர்மா ஷெல் கம்பெனியில் வேலையும் வாங்கித் தந்தார். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் பந்தயம் ஆடினார். அதே ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதிய ஆட்டத்தில், ரஞ்சிப் பந்தய வரலாற்றின் முதற்பந்தை வீசியவரும் அவரே. அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்து போயிற்று, ஏ. ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்தினார். அது வேறு கதை.

கிரிக்கெட் மட்டையைக் கீழே வைத்தால் ஹாக்கி மட்டை கோபாலன் கைக்கு வந்துவிடும். 1935இல் தியான்சந்தின் தலைமையில் நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்ற இந்திய ஹாக்கிக் குழுவில் அவரும் இருந்தார். அப்பயணத்தில் அக்குழு ஆடிய ஆட்டங்கள் 48. போட்ட கோல்கள் 584.

இனித்தான் வழக்கு. 1936இல் ஹாக்கிக் குழு பெர்லின் ஒலிம்பிக்கிற்கும், கிரிக்கெட் குழு இங்கிலாந்திற்கும் புறப்பட இருந்தன. இரண்டில் ஒன்றையே கோபாலன் ஏற்க முடியும். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். 1928, 1932 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் ஹாக்கித் தங்கம் இந்தியாவுக்கே வந்திருந்தது என்பதை இங்கே நினைத்துக் கொள்ள வேண்டும். கிரிக்கெட் குழுவுக்கோ விஜயநகரம் மகாராஜகுமாரர் தலைவர். பூசல் முற்றி, முதல் டெஸ்டுக்கு முன்னரே அமர்நாத் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். நிசார், அமர்சிங், ஜஹாங்கீர்கான் ஆகிய மூவரும் பந்து வீசிய அக்குழுவில், மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூடக் கோபாலனுக்கு இடம் கிடைக்கவில்லை.

1936 ஆகஸ்டு 15ஆம் நாள் லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கிற்று. அதே நாளில் பெர்லினில் இந்தியா ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என்று வென்று தங்கம் பெற்றது. அடுத்த ஒலிம்பிக்கிலாவது ஆடலாம் என்றால், 1940லும் 1944லும் உலகப்போரின் காரணமாக ஒலிம்பிக்கே நடைபெறவில்லை.

"கையில் கொடுத்த தங்கத்தை விட்டாரே ஓய்!" என்பார் திருவல்லிக்கேணிக்காரர். "தங்கம் என்று முன்கூட்டியே எழுதியா வைத்திருந்தது? இங்கிலாந்து ஆடுகளத்தில் பந்து போட எந்தப் பந்துவீச்சாளன் ஆசைப்படமாட்டான்?" என்பார் மற்றவர். காப்பி ஆறிப்போகும்.

எனக்குச் செங்கற்பட்டுக்காரர் கட்சியே பிடித்தது. ஹாக்கிக் குழுவோடு கோபாலன் முந்தின ஆண்டே கடல் கடந்து வந்துவிட்டார். கிரிக்கெட்டில் ஒரே ஒரு டெஸ்டோடு நின்றவர் இன்னொன்றை நாடியதில் வியப்பென்ன? மொழிபெயர்ப்பே என் தொழில். ஒரு சொல்லைக் கொண்டால் மற்றொன்றை விட்டே ஆகவேண்டும். ஆயினும் அச்சேறும் வரை நான் திருத்திக் கொள்ளலாம். கோபாலனுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை.

சென்னை அவரை மறந்துவிடவில்லை. 1950களின் தொடக்கத்தில் சென்னைக்கும் இலங்கைக்குமிடையே நடைபெறத் தொடங்கிய பந்தயத்திற்குக் கோபாலன் கோப்பை என்றே பெயரிட்டனர். 2003 டிசம்பரில் அவர் சென்னையில் காலமானபோது, உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களுள் அவரே மூத்தவர்.

சில ஆண்டுகளுக்குப் பின் செங்கற்பட்டுக்காரர் இறந்துவிட்டார். திருவல்லிக்கேணிக்காரர் மட்டும் அதே மேசைக்கு வந்துகொண்டிருந்தார். ஒரு ஞாயிறன்று, பேச்சுக்கு வழி பண்ணுவதற்காக, "கோபாலன் பெர்லினுக்கே போயிருக்கலாம் அல்லவா, ஐயா?" என்றேன். அவர் காப்பித் தம்ளரை மெல்லக் கீழே வைத்தார். "அதெப்படித் தம்பி? இங்கிலாந்து ஆடுகளம் என்றால் எந்தப் பந்துவீச்சாளன் விடுவான்?" என்றார்.