மருந்து என்னும் விஷம்
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)





ஆஸ்பத்திரியில் கொடுப்பதையும் மருந்து என்கிறோம். வயலில் பூச்சியைக் கொல்லத் தெளிப்பதையும் மருந்து என்கிறோம். பெயர் ஒன்றாயிருப்பதால் பயம் விட்டுப்போகிறது. கூலிக்கு மருந்தடிக்கும் ஒரு சகோதரன் எங்கள் வார்டில் படுத்திருந்தார். ஜெபிக்கச் சென்றபோது, "ஐயா, வாந்தியும் மயக்கமும் நின்றுவிட்டது. விஷம் போய்விட்டதா? என் பிள்ளைகளுக்கும் ஏதாவது வருமா?" என்று கேட்டார். ஜெபித்துவிட்டு மட்டும் திரும்ப மனம் வரவில்லை. மருத்துவர்களிடம் கேட்டறிந்ததை உங்களுக்கும் சொல்லுகிறோம்.

நம் உடலின் அணுக்களில் 46 குரோமோசோம்கள் உண்டு. அவற்றுக்கு வந்த சேதத்தை இரத்தத்தின் வெள்ளை அணுக்களில் காணலாம். சிறிதளவு இரத்தம் எடுத்து, ராஜ்மா விதையிலிருந்து கிடைக்கும் ஒரு புரதத்தைச் சேர்த்து, ஏறக்குறைய இரண்டு நாள் இளஞ்சூட்டில் வளர்ப்பார்கள். அணுக்கள் பிரியத் தொடங்கும். கோல்ச்சிசின் என்னும் பொருளை இட்டு அதைப் பாதியில் நிறுத்துவார்கள். நம் செங்காந்தள் விதையில் இருப்பதும் அதே பொருள்தான். அப்போது குரோமோசோம்கள் நுண்ணோக்கியில் தனித்தனியே தெரியும், உடைந்தவற்றை எண்ணலாம்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் டாக்டர் வின்சென்ட் கேரியும் உடன் உழைத்தவர்களும், தானியக் கிடங்குகளில் பாஸ்பீன் வாயுவைப் பயன்படுத்தும் தொழிலாளரின் இரத்தத்தை இவ்வாறு சோதித்து, 1989இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். நம் நாட்டுக் கிடங்குகளில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையும், காற்றின் ஈரம் பட்டதும் இந்த வாயுவையே வெளிவிடுகிறது.

அவர்கள் கண்டது இரண்டு. வேலைக் காலத்தில் குரோமோசோம்களில் உடைவுகளும் இடைவெளிகளும் மிகுந்திருந்தன. வேலைக் காலம் முடிந்தபின் அந்த மிகுதி காணப்படவில்லை. ஆனால் ஒரு குரோமோசோமின் துண்டு வேறொன்றில் போய் ஒட்டிக்கொண்ட மாற்றங்களோ, பின்னும் மிகுதியாகவே இருந்தன. உடைந்த அணு பெரும்பாலும் மடிந்துபோகும். இடம் மாறி ஒட்டிய துண்டுள்ள அணு பிழைத்துப் பெருகக்கூடும்.

ஐரோப்பாவில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், இத்தகைய சேதம் மிகுந்தவர்களிடையே புற்றுநோய் சற்று அதிகமாய்க் காணப்பட்டது. இது ஒரு கூட்டத்தாரைப் பற்றிய கணக்கு. தனி ஒருவர்மேல் எழுதப்பட்ட தீர்ப்பு அல்ல. எல்லாப் பூச்சிமருந்தும் ஒரேவிதமாய்க் கெடுப்பதும் இல்லை.

ஆகவே அந்தச் சகோதரனிடம் இப்படிச் சொன்னோம்: "வாந்தி நின்றதால் எல்லாம் முடிந்தது என்று எண்ணாதீர்கள். ஆனாலும் இரத்த அணுவில் பட்ட காயம் பிள்ளைகளுக்குச் சுதந்தரமாய்ப் போகாது. மருந்து பட்ட சட்டையும் கழுவாத கையும் காலி டப்பாவும்தான் விஷத்தை வீட்டுக்குள் கொண்டுபோகும். காற்றுக்கு எதிராக நின்று அடிக்காதீர்கள். கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். துணியைத் தனியாகத் துவையுங்கள். காலி டப்பாவில் தண்ணீர் பிடிக்காதீர்கள்."

எல்லாவற்றையும் பொறுமையாய்க் கேட்டார். பின்பு, "கையுறை யார் ஐயா வாங்கித் தருவார்?" என்றார்.

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. பிரியமானவர்களே, உங்களில் பலருக்கு வயல் உண்டு, தோப்பு உண்டு. அடுத்தமுறை மருந்தடிக்க ஆள் அனுப்பும்போது, அவர் கையில் தெளிப்பானைக் கொடுப்பதற்குமுன் கையுறையைக் கொடுங்கள். குளிக்கத் தண்ணீரும் சோப்பும் வையுங்கள். மருந்தடிக்காமலே முடியுமா என்று முதலில் யோசியுங்கள்.

அவர் சுகமாகி வீடு திரும்பினார். மறுபடியும் அதே வேலைக்குத்தான் போயிருக்கிறார். அவருக்காக ஜெபியுங்கள்.