பார்வைக்கும் ஓர் எல்லை

(ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



திருவண்ணாமலையை வலம் வரும் பாதையின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். பெரிய கோயில் மலையின் கிழக்கடியில் உள்ளது. அடி அண்ணாமலை என்னும் ஊர் அதே மலையின் மறுபுறத்தில் உள்ளது. முழுநிலவு நாளின் மாலையில் பெருகும் மக்கள் வெள்ளம் விடியும் வரை இவ்வூரைக் கடந்து ஒரே திசையில் நகர்ந்தவண்ணம் இருக்கும். அவ்வெள்ளத்தில் ஒரு குழந்தையின் கை நழுவிப் போயிற்றெனின், தாய் திரும்பி நடப்பதற்கும் வழி கிடைப்பது அரிது. குழந்தை முன்னே சென்றுவிட்டதா, பின்னே நின்றுவிட்டதா, ஏதேனும் ஒரு கடையோரம் ஒதுங்கி அழுகின்றதா என்பது ஒருவர்க்கும் தெரியாது. குழந்தையின் பெயரும் சட்டையின் நிறமும் ஒலிபெருக்கியில் கேட்கும் வரை அத்தாயின் நெஞ்சு படும் பாட்டைச் சொல்லில் அடக்க இயலாது.

இவ்வச்சம் இன்று பிறந்ததன்று. அலகாபாத்தின் ஆற்றங்கரை விழாவில் 1946-ஆம் ஆண்டு ராஜாராம் திவாரி என்பார், கூட்டத்தில் வழி தவறியோரை உறவினரிடம் சேர்ப்பதற்கென ஒரு முகாமைத் தொடங்கினார். பல பதிற்றாண்டுகள் அப்பணியை அவர் விடாது நடத்தினார். சபரிமலைக்குச் செல்லும் குழந்தைகளின் கையில் பம்பையில் காவல் துறையினர் அடையாளப் பட்டை கட்டுகின்றனர். திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீப விழாவிலும் அண்மை ஆண்டுகளில் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் கைப்பேசி எண்ணைக் கொண்ட பட்டை கட்டப்படுகின்றது. சில ரூபாய் மதிப்புள்ள அப்பட்டைக்கு மின்கலம் வேண்டா, அலைபேசிக் கோபுரமும் வேண்டா. குழந்தையைக் கண்டெடுக்கும் எவரும் அவ்வெண்ணை அழைக்கலாம்.

இப்பொழுது அப்பட்டையின் இடத்திற்கு ஜி.பி.எஸ். கைக்கடிகாரம் வந்துள்ளது. பள்ளிப் பிள்ளைகளின் கையில் அது சாதாரணமாகக் காணப்படுகின்றது. சற்று வளர்ந்த பிள்ளைகளின் கைப்பேசியில் இருப்பிடம் காட்டும் செயலி அமைக்கப்படுகின்றது. ஆரணியிலும் வந்தவாசியிலும் இருந்து மக்களைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் படிக்க அனுப்பிய பெற்றோர், இரவில் உறங்குமுன் திரையில் ஒரு புள்ளியைப் பார்த்து நிம்மதி கொள்கின்றனர். அந்நிம்மதி எத்துணை உறுதியானது, அதற்கு ஈடாகக் கொடுக்கப்படுவது யாது என்னும் இரு வினாக்களே இவ்வுரையின் பொருள்.

முதலில் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். நிலத்திலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் நேரக்குறிப்புடன் கூடிய அலைகளை அனுப்புகின்றன. குறைந்தது நான்கு கோள்களின் அலைகள் கிடைத்தால், அவை வந்து சேர எடுத்துக்கொண்ட காலத்தைக் கொண்டு கடிகாரம் தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகின்றது. திறந்த வானத்தின் கீழ் இக்கணக்கு சில மீட்டர் அளவிற்குச் சரியாக இருக்கும். செயற்கைக்கோள் குழந்தையைப் பார்ப்பதில்லை என்பது பலர்க்கும் தெரியாத செய்தி. கடிகாரமே தன் இடத்தை அறிந்து, தன்னுள் இருக்கும் சிம் அட்டையின் வழியாக அலைபேசி வலையமைப்பில் அச்செய்தியை அனுப்புகின்றது. அது ஒரு நிறுவனத்தின் கணினியைச் சென்றடைந்து, அங்கிருந்து பெற்றோரின் கைப்பேசிக்கு வருகின்றது.

இச்சங்கிலியின் கண்ணி ஒவ்வொன்றும் அறுபடக் கூடியது. கல் மண்டபத்தினுள் வான் அலை நுழைவது அரிது. மலையின் அடிவாரத்தில் வானத்தின் ஒரு பகுதி மறைந்துபோகின்றது. பெருங்கூட்டத்தில் எண்ணிறந்த கைப்பேசிகள் ஒரே நேரத்தில் இயங்குவதால் வலையமைப்பு திணறுகின்றது. கடிகாரம் மிகவும் தேவைப்படும் தீப நாளே, அது பயன்படாமல் போவதற்கு மிகுந்த வாய்ப்புள்ள நாளும் ஆகும். அந்நிலையிலும் திரையில் புள்ளி மறைவதில்லை. இறுதியாகக் கிடைத்த இடத்திலேயே அது நின்றுகொண்டிருக்கும். புள்ளியைப் பார்க்கும் பெற்றோர் அதன் அருகில் குறிக்கப்பட்டுள்ள நேரத்தையும் பார்த்தல் வேண்டும். இருபது நிமிடத்திற்கு முந்தைய புள்ளி, குழந்தை இருந்த இடத்தைக் காட்டுமேயன்றி இருக்கும் இடத்தைக் காட்டாது.

வேறொன்றும் உளது. புள்ளி காட்டுவது கடிகாரத்தின் இடத்தை. குழந்தை கடிகாரத்தைப் பையில் வைத்துவிட்டு விளையாடச் சென்றிருக்கலாம். தோழனின் கையில் கட்டிவிட்டிருக்கவும் கூடும். கடிகாரம் கையிலேயே இருப்பினும், இடம் என்பது வேறு, நிலை என்பது வேறு. குழந்தைகளுக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமைகளில் பத்தில் ஒன்பதிற்கும் மேற்பட்டவற்றில் குற்றவாளி குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. உறவினர், அண்டை வீட்டார், பாடம் சொல்லித்தருவோர் ஆகியோரின் வீடுகளில் குழந்தை இருக்கையில் திரை காட்டும் புள்ளி, பெற்றோர் எதிர்பார்த்த இடத்தில்தான் இருக்கும். எச்சரிக்கை மணி ஒலிக்காது. அவ்வேளையில் குழந்தையைக் காப்பது, வீட்டிற்கு வந்து அம்மாவிடம் சொன்னால் அம்மா நம்புவாள் என்னும் உறுதி ஒன்றே. அவ்வுறுதியைத் தரும் கடிகாரம் எக்கடையிலும் இல்லை.

கருவியே தீங்கிற்கு வாயிலானதும் உண்டு. நார்வே நாட்டு நுகர்வோர் மன்றம் 2017-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் குழந்தைகளுக்கான கைக்கடிகாரங்கள் சிலவற்றை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அவற்றுள் சில கடிகாரங்களை முன்பின் அறியாத ஒருவர் தம் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவந்து, குழந்தை இருக்கும் இடத்தை அறிய முடியும் என்பது தெரியவந்தது. அடுத்த மாதமே ஜெர்மனியின் வலையமைப்பு ஒழுங்குமுறை ஆணையம், சூழ்ந்துள்ளோரின் பேச்சை அவர் அறியாமல் கேட்க உதவும் குழந்தைக் கடிகாரங்களுக்குத் தடை விதித்தது. வகுப்பறையில் ஆசிரியர் பேசுவதைப் பெற்றோர் வீட்டிலிருந்தே ஒட்டுக்கேட்டனர் என்பதையும் அவ்வாணையம் சுட்டிக்காட்டியது. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையம் ஒரு குழந்தைக் கடிகாரத்தைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுமாறு அறிவித்தது. அக்கடிகாரம் குழந்தையின் இருப்பிடத்தைப் பூட்டில்லாப் பெட்டியில் இட்டாற்போல் மறையாக்கம் இன்றி அனுப்பிக்கொண்டிருந்தது. தாய்க்கு மட்டும் தெரிய வேண்டும் என்று வாங்கிய செய்தி, திருடர்க்கும் எட்டும் தொலைவில் இருந்தது.

இந்தியாவிலும் சட்டம் இதனை எண்ணிப் பார்த்துள்ளது. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதோரின் தரவுகளைக் கையாள, உறுதிசெய்யத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கின்றது. விதிவிலக்குகளுக்கு இடம் வைத்து, குழந்தைகளைப் பின்தொடர்வதையும் அவர்களை நோக்கி விளம்பரம் செய்வதையும் நிறுவனங்களுக்கு அது தடுக்கின்றது. ஆயின் இக்கட்டுப்பாடு நிறுவனங்களுக்கு உரியது. வீட்டினுள் பெற்றோரின் பார்வைக்கு எல்லை வகுப்பது சட்டத்தின் வேலையன்று. அது அறத்தின் வேலை.

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் கள்ளாமையும் ஒன்று. கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்ளுதலே களவு என்று அறநூல்கள் வரையறை செய்கின்றன. பொன்னும் நெல்லும் மட்டுமே பொருள் என்று கொள்ள வேண்டியதில்லை. பதினைந்து வயது மகளின் கைப்பேசியில் அவள் அறியாமல் ஒரு செயலியை அமைத்து, அவள் செல்லும் இடங்களைத் தாய் தந்தையர் நாள்தோறும் பார்த்துவருவாராயின், அவள் கொடாத ஒன்றை அவர்கள் எடுத்துக்கொள்கின்றனர். அன்பினால் எடுத்தது என்பது காரணத்தை விளக்கும். செயலின் பெயரை மாற்றாது. ஒருநாள் அவள் அதனைக் கண்டறிவாள். அன்று முதல் கைப்பேசியை விடுதியில் வைத்துவிட்டு வெளியே செல்லவும் கற்பாள். அதனினும் கொடியது, உண்மையான இடர் ஒன்று நேர்ந்த நாளில் அழைக்க வேண்டிய முதல் எண்ணை அவள் அழைக்கத் தயங்குவாள். பெற்றோர் இழப்பது திரையில் உள்ள புள்ளியை அன்று, அந்த அழைப்பை.

எல்லை வகுத்தல் என்பது சமண இல்லறத்தார்க்குப் புதியதன்று. திசைவிரதம் மேற்கொள்வோர் கடல், ஆறு, காடு, மலை எனப் பலரும் அறிந்த அடையாளங்களைக் கொண்டு தாம் செல்லும் எல்லையை வாழ்நாள் முழுதும் வரையறுத்துக்கொள்கின்றனர். தேசாவகாசிகம் என்னும் விரதத்தில் அவ்வெல்லை மேலும் சுருங்கி, ஊர், தெரு, வீடு என்றும், ஒரு நாள், ஒரு பக்கம், ஒரு மாதம் என்றும் இடத்தாலும் காலத்தாலும் அளவுபடுகின்றது. இவ்விரதத்தின் குற்றங்களாக நூல்கள் கூறுவன கருதத்தக்கவை. எல்லைக்கு அப்பால் ஆளை ஏவுதல், அங்கிருந்து பொருளை வரவழைத்தல், குரல் கொடுத்தல், உருவைக் காட்டுதல், கல் எறிந்து குறிப்புணர்த்துதல் என அவை ஐந்து. கால் எல்லைக்குள் நின்றாலும் குரலும் உருவும் எல்லை கடந்தால் விரதம் பழுதாகும் என்று முன்னோர் உணர்ந்திருந்தனர். இன்றைய கைப்பேசி இவ்வைந்தையும் நொடியில் செய்யவல்லது.

செயலியிலும் எல்லை வரையும் வசதி உளது. பள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் இட்டுவிட்டால், குழந்தை அதனைக் கடந்தவுடன் பெற்றோர்க்கு அறிவிப்பு வரும். விரதத்தின் எல்லைக்கும் இவ்வெல்லைக்கும் உள்ள வேற்றுமை பெரிது. விரதத்தின் எல்லையைத் தானே அறிந்து தானே ஏற்கின்றனர். ஒருவர்க்காக மற்றொருவர் விரதம் காக்க இயலாது. ஆதலின் இச்செய்தியில் முதலில் விரதம் ஏற்க வேண்டியவர் பெற்றோரே. குழந்தையின் பாதத்திற்கு எல்லை இடுவோர் தம் பார்வைக்கும் ஓர் எல்லை இட்டுக்கொள்ளுதல் முறை. அவ்வெல்லை நான்கு.

முதலாவது, அறிவித்தல். கடிகாரம் கட்டும் நாளிலேயே அது என்ன செய்யும், யார் பார்ப்பர் என்பதைக் குழந்தைக்குச் சொல்லுதல் வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கும் இது விளங்கும்.

இரண்டாவது, காலம். திருவிழா நாள், தொலைப் பயணம், புதிய பள்ளியின் முதல் மாதம் எனத் தேவை உள்ள காலத்தை வரையறுத்து, அது முடிந்ததும் பார்வையையும் நிறுத்துதல் வேண்டும்.

மூன்றாவது, பார்ப்போர். தாய், தந்தை அன்றி, சிற்றப்பா, அத்தை, அண்டை வீட்டார் என்று பலர் கையில் அவ்விருப்பிடம் சுற்றுதல் ஆகாது. கருவியை வாங்கியவுடன் அதன் கடவுச்சொல்லை மாற்றுதலும், ஒட்டுக்கேட்கும் வசதி உள்ளதை வாங்காமையும் இதன்பாற்படும்.

நான்காவது, வயது. ஏழு வயதில் பெற்றோரிடம் இருந்த பொறுப்பு பதினான்கில் பாதியேனும் பிள்ளையின் கைக்கு மாறுதல் வேண்டும். பதினெட்டு நிரம்பியவர் சட்டத்தின் முன் வளர்ந்தவர். அதன் பின் இருப்பிடத்தைக் காட்டுவதும் காட்டாமையும் அவர் விருப்பம். இரவுப் பேருந்தில் வரும் மகள் தானே முன்வந்து அதனை அனுப்புவாளாயின், அது கேட்டுப் பெறாத கொடை.

தமிழ்ச் சமணர் எண்ணிக்கையில் சிறிய சமுதாயத்தினர். பிள்ளைகள் விலகிச் சென்றுவிடுவரோ என்னும் கவலை பல இல்லங்களில் உண்டு; அதனை இகழ்தல் தகாது. எனினும் புள்ளியைப் பின்தொடர்வதால் எப்பிள்ளையும் வீட்டிற்கு நெருங்கி வந்ததில்லை. வீட்டில் சொல்லப்படும் சொல் கேட்கப்படும் என்று அறிந்த பிள்ளையே திரும்பி வருகின்றது.

கருவி இல்லாமலே கற்பிக்கத்தக்கவை சில உள. தாய் தந்தையரின் கைப்பேசி எண்ணைக் குழந்தை மனப்பாடமாகச் சொல்லப் பழகுதல் வேண்டும். எண்கள் கைப்பேசியிலேயே இருப்பதால் இக்காலத்துப் பிள்ளைகள் பலர் அதனை அறியார். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதையும் அதனுடன் கற்பிக்கலாம். காணாமற்போனால் நடக்காமல் நின்ற இடத்திலேயே நிற்கவும், காவலரிடமோ குழந்தையுடன் வரும் ஒரு தாயிடமோ சொல்லவும் பழக்குதல் நன்று. கூட்டத்திற்குள் செல்லுமுன், பிரிந்தால் எங்குச் சேர்வது என்று ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுதலும் வேண்டும். மலையைச் சுற்றும் பாதையில் எட்டு லிங்கக் கோயில்கள் உள்ளன; எவரைக் கேட்டாலும் வழி சொல்வர். மலையையும் ஆற்றையும் அடையாளமாகக் கொண்டு எல்லை வகுத்த முன்னோரின் முறையும் இதுவே.

கடிகாரத்தை விலக்க வேண்டியதில்லை. அடி அண்ணாமலைத் தெருவில் கூட்டம் பெருகும் இரவில் ஐந்து வயதுக் குழந்தையின் கையில் அது இருத்தல் நன்று. அதனுடன் எண் எழுதிய பட்டையும் இருத்தல் அதனினும் நன்று. விழா முடிந்து வீடு சேர்ந்ததும் அக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அன்று கண்டதையும் அஞ்சியதையும் குழந்தை தன் வாயால் சொல்லக் கேட்டல் வேண்டும். அவ்வழக்கம் நிலைத்த இல்லத்தில், பிற்காலத்தில் எத்தொலைவிலிருந்தும் அழைப்பு வரும்.

அறம் ஓங்குக. இல்லங்கள் நலம் பெறுக.