உரிமை என்பது சலுகை அல்ல!

(கிணத்துக்கடவு ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)

 

உரிமை, உரிமை என்று கோஷம் போடுகிறோம். அதை நமக்குக் கொடுத்தது யாருங்க? சர்க்கார் என்றால், சர்க்காரே திருப்பி எடுத்துக்கொள்ளலாமே!

எடுத்தும் இருக்கிறார்கள். சொத்துரிமை அரசியல் சட்டத்தில் அடிப்படை உரிமையாக இருந்தது. 1978-ல் 44-வது திருத்தத்தால் அதை 300-ஏ பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். கெயில் குழாய் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை 7 மாவட்டங்களில் வந்தபோது 1962-ம் வருஷத்துச் சட்டத்தைக் காட்டினார்கள். நிலம் உன் பேரில் இருக்கும். ஆனால் குழாய் போகிற இடத்தில் மரம் வைக்காதே, கிணறு வெட்டாதே, மதிப்பில் 10 சதவீதம் வாங்கிக்கொள் என்கிறது அந்தச் சட்டம். 2016-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் கெயிலுக்கே சாதகம்.

அதனால் நம்ம நியாயம் செத்துப்போச்சா? இல்லீங்க. பட்டா நிலத்தை உண்டாக்குவதில்லை. இருக்கிற நிலத்தைப் பதிவு செய்கிறது. சட்டமும் அப்படித்தான். மனுசனுக்குப் பசி உண்டு, வலி உண்டு, மானம் உண்டு. உரிமை அங்கே பிறக்கிறது. ஏட்டில் விட்டுப்போனால் போராடி ஏற்ற வேண்டும்.

1970-ல் கரண்ட் கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் திரண்டார்கள். ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு 3 பேர் மாண்டார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவையை நிறைத்தன. பிற்பாடு வந்த இலவச மின்சாரத்தைச் சலுகை என்று யாராவது சொல்லட்டும். குண்டடி படாமல் கூடி நியாயம் கேட்பது சலுகையா?

சரி, அடுத்தவன் ஏன் நம்ம உரிமையை மதிக்கோணும்? தன் வீட்டுக்குள் கேட்காமல் குழி தோண்டினால் எந்த ஆபீசரும் சும்மா இருக்க மாட்டார். தனக்கு வேண்டும் என்பதை அடுத்தவனுக்கு இல்லை என்பது நியாயமல்ல.

இந்தக் கேள்வி நம்மையும் விடாதுங்க. தீண்டாமையை 17-வது பிரிவு ஒழித்த பிறகும், நம்ம பக்கத்து டீக்கடைகளில் தனி டம்ளர் வெகுகாலம் இருந்தது எல்லாருக்கும் தெரியும். நம்ம தோட்டத்தில் களை எடுக்கிறவரும் மனுசன்தான். அவர் மானத்தை மதிக்காத வாயால் நம்ம நிலத்தை மதி என்று கேட்டால், நாம் கேட்பதும் சாதிச் சலுகையாகிவிடும்.

ஆகவே, நிலத்தில் கை வைக்கும் முன் ஊரைக் கூட்டிக் கேள் என்று சர்க்காருக்குச் சொல்வோம். கூலித் தொழிலாளிகளைச் சரிசமமாய் நம்ம பந்தலில் உட்கார வைத்துச் சொல்வோம்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!