வீட்டில்தானே இருக்கிறீர்கள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் வாசிக்கப்பட்ட உரை)



நாங்கள் என்று சொல்வது மேடை வழக்கத்துக்காக அல்ல. நாங்கள் உண்மையாகவே இரண்டு பேர். ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. இந்த உரையை இருவரும் சேர்ந்து எழுதினோம். வாசிக்க வந்தவள் ஒருத்திதான். மற்றவள் ஏன் வரவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

"வேலையும் வீடும்" என்ற தலைப்பில் வைத்தியர் ஒருவரும் வங்கி முகாமையாளர் ஒருவரும் பேசுவார்கள், நீங்களும் பேசுங்கள் என்று சங்கத்திலிருந்து கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் நாங்கள் வேலை செய்கிறோம் என்றே பலர் நம்புவதில்லை. "பிள்ளை, நீங்கள் வீட்டிலதானே இருக்கிறியள், ஒருக்கா மாமியைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போட்டு வாங்கோவன்" என்று கேட்காத அயலவர் இல்லை. கேட்பதில் பிழையும் இல்லை. கந்தோருக்குப் போகிறவள் காலையில் சேலை உடுத்துப் படலையைச் சாத்திக்கொண்டு போவதை ஊர் காண்கிறது. நாங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவதை யார் காண்பது?

நாங்கள் செய்வது இணையவழிச் சந்தைப்படுத்தல். யாருடைய நிறுவனத்திலும் சம்பளத்துக்கு இல்லை, சொந்தமாகச் செய்கிறோம். உள்ளூரில் ஒரு புடைவைக்கடை, ஒரு விருந்தினர் விடுதி, ஒடியல்மாவும் பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் பொதி செய்து விற்கும் ஒரு குடும்பம். வெளியூரில் லண்டனில் ஒரு கடை, ரொறன்ரோவில் மணவறை அலங்காரம் செய்யும் ஒருவர். ரொறன்ரோவில் ஒரு தாய் தன் மகளின் சாமத்தியவீட்டுக்கு மணவறை தேடிக் கூகிளில் நாலு சொல் எழுதினால், எங்கள் வாடிக்கையாளரின் பெயர் அவர் கண்ணில் பட வேண்டும். அந்த இடத்துக்கு ஒவ்வொரு தேடலின்போதும் ஓர் ஏலம் நடக்கிறது. கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். கூடக் காசு சொன்னவருக்கே இடம் என்றும் இல்லை. விளம்பரம் தேடியவருக்குப் பொருத்தமானதா, சொடுக்கினால் போய்ச் சேரும் பக்கம் உருப்படியானதா என்றும் பார்ப்பார்கள். ஒடியல்மாவுக்கும் மணவறைக்கும் இந்த ஏலத்தில் சொல்லெடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு.

இதில் பெரிய சிக்கல் மணிக்கூடு. எங்கள் நேரம் லண்டனைவிடக் கோடையில் நாலரை மணித்தியாலம், மாரியில் ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. ரொறன்ரோவைவிட ஒன்பதரை, பத்தரை. நாங்கள் பிள்ளைக்குச் சோறு தீத்தும் நேரத்தில் லண்டன் கடையில் பின்னேரக் கூட்டம். நாங்கள் படுக்கப் போகும்போது ரொறன்ரோக்காரர் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் எங்களோடு கதைக்க ஆசைப்படுவார். ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் ஓமென்றோம். தனித்தனியாக வேலை செய்துகொண்டிருந்த காலம் அது. வந்த ஒருவரை விட்டால் அடுத்தவர் வருவாரோ என்ற பயம் இருவருக்கும் இருந்தது.

2021 ஒக்டோபர் 4ஆம் திகதி இரவு உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். ஒன்பது மணி கழிந்து முகநூலும் வட்ஸ்அப்பும் இன்ஸ்ரகிராமும் உலகம் முழுவதும் ஒன்றாக நின்றுபோயின. ஆறு மணித்தியாலம் வரை வரவில்லை. எங்களில் ஒருத்தி ரவுட்டரைக் கழற்றிப் பூட்டினாள். மற்றவள் தன் கணக்கை யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்று அழுதாள். உலகம் முழுவதும் இப்படித்தான் என்று தெரிந்தபின் நிம்மதியாகப் படுத்திருக்கலாம் அல்லவா? படுக்கவில்லை. விடிய மூன்றரை வரை இருவரும் தத்தம் வீட்டில் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாத ஓர் இரவிலும் எங்களால் நித்திரை கொள்ள முடியவில்லை. அதை அப்போது ஒரு பகிடியாகத்தான் கதைத்தோம்.

அந்த மாதக் கடைசியில் நடந்தது பகிடி அல்ல.

தீபாவளிக்கு முந்திய கிழமை. எங்களில் ஒருத்தியின் அம்மா பாரிசவாதத்தால் வைத்தியசாலையில். இரவு பத்து மணி, வாட்டுக்கு வெளியே வாங்கு, கையில் தொலைபேசி. லண்டனில் அப்போது பின்னேரம் ஐந்தரை. தீபாவளி வியாபாரம் நன்றாகப் போகிறது, இன்னொரு விளம்பரம் தொடங்குங்கள் என்று கடைக்காரர் செய்தி அனுப்பினார். நாளுக்கு 30 பவுண் என்று போட வேண்டியது. சின்னத் திரை, கலங்கிய கண், ஒரு பூச்சியம் கூட விழுந்து 300 ஆயிற்று. கூகிள் ஒரு நாளுக்கு நாம் குறித்த தொகையைப்போல் இரண்டு மடங்கு வரை செலவழிக்கலாம் என்பது அவர்களின் விதி. மாதக் கணக்கில் சரிசெய்வார்கள். காலை ஆறு மணிக்குப் பார்த்தபோது 410 பவுண் போயிருந்தது. அன்றைய பெறுமதியில் ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் ரூபாவுக்கு மேல்.

காசை எப்படியும் கட்டலாம். அந்த இரவில் இன்னொன்றும் நடந்தது. உள்ளே போய்ப் பார்த்தபோது அம்மா விழித்திருந்தார். "உந்தப் போனை வைச்சிட்டு என்னோடை கொஞ்சம் இரன்" என்றார். "ஒரு நிமிசம் அம்மா" என்றாள் மகள். அந்த ஒரு நிமிடம் வெளியே வாங்கில் முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. திரும்பி வரும்போது அம்மா நித்திரை. விடியப்புறம் இரண்டாம் முறை பாரிசவாதம் வந்தது. அதற்குப் பிறகு 2023 தை மாதம் காலமாகும்வரை அம்மா பேசவில்லை. எங்களுக்குத் தெரிந்த கடைசி வசனம் அதுதான்.

இதைச் சபையில் சொல்வதா என்று இருவரும் நீண்ட நேரம் யோசித்தோம். சொல்லத்தான் வேண்டும் என்றாள் அம்மாவை இழந்தவள். ஆகையால் எழுதினோம்.

கடைக்காரருக்கு அவர் கண்டுபிடிப்பதற்கு முன்பே நாங்கள் சொன்னோம். பாதியைக் கட்டினால் போதும் என்றார். முழுவதையும் கட்டினோம். நத்தார் முடிய வேறொருவரிடம் போய்விட்டார். அதில் அவரைக் குறை சொல்ல எங்களுக்கு ஒன்றும் இல்லை.

அதன் பின்னர்தான் சேர்ந்தோம். சேர்ந்தபின் செய்தவற்றை இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் தங்கச்சிமாருக்காகக் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறோம். ஒவ்வொரு வாடிக்கையாளரின் விளம்பரக் கணக்கிலும் இப்போது எங்கள் இருவர் பெயரும் இருக்கிறது. ஒருவரின் கடவுச்சொல்லை மற்றவர் வாங்கி வைப்பதில்லை. அது ஆபத்து, அதோடு பயனுமில்லை. சரிபார்க்கும் குறியீடு நித்திரை கொள்பவளின் தொலைபேசிக்குத்தான் போகும்! இருவருக்கும் தனித்தனி அனுமதி எடுத்தோம். முகநூல் விளம்பரக் கணக்கில் மொத்தச் செலவுக்கு ஓர் எல்லை போட வசதி உண்டு, அதைப் போட்டோம். கூகிளில் இவ்வளவுக்கு மேல் போனால் தானாக நிற்கும்படி விதி எழுதினோம். காசுத் தொகை எதையும் தொலைபேசியில் மாற்றுவதில்லை. ஒருத்தி போட்ட இலக்கத்தை மற்றவள் பார்த்தபின்தான் விளம்பரம் ஓடும். கணக்குப் பாடத்தில் ரீச்சர் பக்கத்துப் பிள்ளையோடு கொப்பியை மாற்றித் திருத்தச் சொல்வாரே, அதேதான்.

வேலை நேரத்தை ஒப்பந்தத்திலேயே எழுதுகிறோம். காலை எட்டரையிலிருந்து இரண்டு மணி, பிறகு மாலை ஐந்திலிருந்து ஏழரை. செய்திக்கு ஒரு நாளுக்குள் பதில். ஒருவர் மட்டும் இது சரிவராது என்று போனார். நாங்கள் பத்துப் பேராவது போவார்கள் என்று பயந்திருந்தோம். ரொறன்ரோக்காரர், "எனக்கும் உங்கை நடுச்சாமம் எண்டது நினைவிலை இல்லைத் தங்கச்சி" என்றார். இத்தனை ஆண்டும் நாங்கள் அவரிடம் சொல்லவே இல்லை!

சேர்ந்து சில மாதத்தில் 2022 வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. நீண்ட வெட்டில் தொலைபேசிக் கோபுரங்களின் மின்கலமும் இறங்கிவிட, சிக்னலும் போய்விடும். இருவர் வீட்டிலும் வெவ்வேறு நேரம் மின்சாரம் நின்றதால், எங்கே இருக்கிறதோ அங்கே சைக்கிளில் ஓடினோம். பெற்றோலுக்கு வரிசை. தொண்ணூறுகளில் இந்தக் குடாநாட்டில் மின்சாரமே இல்லாமல், ஜாம் போத்தலில் திரி போட்டு, மண்ணெண்ணெயை எண்ணி எண்ணி ஊற்றிப் படித்து இந்தக் கல்லூரியில் பரீட்சை எழுதியவர்கள் நாங்கள். பிள்ளைகளுக்கு அந்தப் போத்தல் விளக்கைச் செய்து காட்டினோம். அவர்களுக்கு அது விளையாட்டு. ஏப்ரல் 3ஆம் திகதி அரசாங்கம் சமூக ஊடகங்களை நிறுத்தியபோது, 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பின் ஒரு கிழமைக்கு மேல் நிறுத்தியது நினைவுக்கு வந்தது. அந்த முறை கடைக்காரரின் பக்கத்தைத் தவிர வேறெதையும் நாங்கள் வைத்திருக்கவில்லை. இந்த முறை அவர்களின் வாடிக்கையாளர் மின்னஞ்சல் பட்டியல் கையில் இருந்தது. முகநூல் மற்றவர் வீட்டு முற்றம், எப்போதும் படலையைச் சாத்தலாம் என்று உள்ளூர்க் கடைகளுக்கு இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பாதிப்பேர் கேட்பதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ரூபா விழுந்தபோது வெளிநாட்டுக் காசு உழைத்த நாங்கள் தப்பினோம். மார்ச்சில் இருநூறு ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. எங்களோடு படித்து ஆசிரியைகளாக இருப்பவர்களின் சம்பளம் அதே இடத்தில் நிற்க, எங்கள் வருமானம் சும்மா இருக்க ஏறியது. அது எங்கள் கெட்டித்தனம் அல்ல. அந்த மாதங்களில் வகுப்புத் தோழிகளோடு காசைப் பற்றிக் கதைப்பதைத் தவிர்த்தோம்.

அதேநேரம் அவர்களுக்கு இருப்பது எங்களுக்கு இல்லை. கந்தோரில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பிரசவ விடுமுறை 84 வேலை நாட்கள். எங்களில் ஒருத்தி இளையவன் பிறந்து ஒன்பதாம் நாள் மடிக்கணினியைத் திறந்தாள். தனியார் நிறுவனத்தில் இருப்பவருக்குச் சேமலாப நிதிக்கு அவர் 8 வீதம் போட, முதலாளி 12 வீதம் போடுவார். எங்களுக்கு அந்த முதலாளியும் நாங்களே. ஆகவே வரும் காசில் ஐந்தில் ஒரு பங்கை வேறு கணக்கில் போடுகிறோம். வருத்தம், பிள்ளைப்பேறு, சாவீடு, இவற்றுக்கு மட்டும்தான் அதை எடுக்கலாம், இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். ஊர்ச் சீட்டு மாதிரித்தான், கழிவு மட்டும் இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கும் 15 வீதம் வரை வரி வந்திருக்கிறது. கணக்கெழுதிப் பழகாத தங்கச்சிமார் பழகிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவில்லையே என்று அங்கே ஒரு அக்கா சைகை காட்டுகிறா. இருவர் வீட்டிலும் உதவி உண்டு. தேத்தண்ணி வரும். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தால் இரண்டு அப்பாமாரும் எங்கள் அறைக் கதவைத்தான் தட்டுவார்கள். "நீதானே வீட்டிலை நிக்கிறாய்." அதை இன்னும் எங்களால் மாற்ற முடியவில்லை. இப்போது முயற்சி செய்வது, கதவில் ஒரு மட்டையைத் தொங்கவிடுவது. மூத்தவள் எழுதியது: "அம்மா கந்தோரில்." மாமியார் வந்தவர்களுக்கு அதை வாசித்துக் காட்டிச் சிரிக்கிறார். ஆனால் தட்டுவது குறைந்திருக்கிறது.

மற்றவள் ஏன் வரவில்லை என்று சொல்கிறோம் என்றோம். எங்களில் ஒருத்தி வேலை நேரத்துக்கு வெளியே தொலைபேசியை நிறுத்தி வைப்பதென்றால் மற்றவள் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை முறை அவளுடையது. நூற்றாண்டு விழாவுக்காவது மாற்றலாம் என்று கேட்டதற்கு, ரொறன்ரோக்காரருக்கு இன்றைக்கு மூன்று கலியாண வீடு, நீ போ, வடையைச் சுற்றிக் கொண்டு வா என்றாள். எங்கள் தொலைபேசி காலையிலிருந்து கைப்பையில் நிறுத்தி வைத்தபடி இருக்கிறது. நாலு மணிக்குத் திறப்போம். அதற்கு முதல் வடை முடிந்துவிடாமல் யாராவது ஒரு பொதி எடுத்து வைத்தால் நல்லது.